அர்ச்சனைக் கூடையில் போன நகைகள்

எங்கள் அத்தை தன் நகைகளை விற்கப் புறப்பட்ட அன்று எனக்கு வயிற்றுவலி. அப்படித்தான் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். உண்மையில் நான் துணைக்குப் போனேன். தனியாகக் கடைத்தெருவுக்குப் போகிற பெண்ணைத் தெரு முழுவதும் பார்க்கும். கையில் ஒரு குழந்தையைப் பிடித்திருந்தால் கோயிலுக்குப் போகிறாள் என்று விட்டுவிடும். காஞ்சிபுரத்தில் எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கோயில் வரும் என்பதால் அந்தப் பொய்யை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

அத்தை அப்பாவின் தங்கை. முசரவாக்கத்தில் நிலம் நீச்சு உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். மாமா இன்னொரு பெண்ணைக் கூட்டி வந்து அதே வீட்டில் வைத்துவிட்டார் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசும்போதுதான் பிள்ளைகளுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது.

அப்பா கொத்தனார் மேஸ்திரி. ஊரில் யார் வீட்டுச் சுவர் விரிசல் விட்டாலும் பார்த்தவுடன் காரணம் சொல்லிவிடுவார். தங்கை விஷயத்தில் மட்டும், "மாப்பிள்ளை மனசு மாறி வருவாரு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அத்தையின் நகைகள், அவளுடைய கல்யாணப் பட்டுப்புடவையில் சுற்றி, அம்மாவின் பெட்டிக்கு அடியில் கிடந்தன. அவள் திரும்பிப் போகும்போது போட்டுக்கொண்டு போக வேண்டியவை என்பது அப்பாவின் கணக்கு. அதுவரை நகைகளும் காத்திருக்க வேண்டும், அத்தையும் காத்திருக்க வேண்டும்.

அத்தை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தாள். அந்தக் கூலியில் எங்களுக்குச் சில நாள் முறுக்கு கிடைத்தது. நூல் சுற்றும்போது அவள் கண் ஜன்னல் வழியாகத் தெருமுனையில் இருந்த வாடகை சைக்கிள் கடை மேலேயே இருக்கும். ஐயம்பேட்டைக்கும் செவிலிமேட்டுக்கும் போகிறவர்கள், தறிக்குப் பாவு நூல் எடுத்துப் போகிறவர்கள், சினிமாவுக்கு ஓடுகிற பையன்கள் என்று அங்கே எப்போதும் ஆள் நிற்கும். அந்தக் கடைக்காரர் வயசாகிவிட்டது, மெட்ராஸில் இருக்கும் மகளிடம் போய்விடப் போகிறேன், சைக்கிள், பம்பு, கடை எல்லாவற்றையும் சேர்த்து யார் கையில் ரொக்கம் கொண்டுவந்தாலும் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அத்தையும் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் முசரவாக்கத்திலிருந்து வேர்க்கடலை மூட்டையோடு சந்தைக்கு வந்த ஒருவர் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்து, வருகிற வெள்ளிக்கிழமை மாமா வருகிறார், அத்தையை அழைத்துப் போகத்தான் வருகிறார் என்று சொன்னார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவருக்கு இரண்டு முறை காபி கொடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டதே, மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்க முடியாதே என்பதுதான் அவருடைய ஒரே குறை.

அத்தை வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கெணறு வெட்னாங்களே, தண்ணி வந்துச்சா?"

"எங்கமா வருது? பாறையில முட்டிக்கினு நிக்குது. வெடி வெச்சாதான் ஆவும்."

அத்தை தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். அத்தை எதிரில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

"கெணத்துக்குத் துட்டு பத்தலை அண்ணி. அதான் என் நெனப்பு வந்துடுச்சி."

"எதுக்கோ ஒண்ணுக்கு, கூப்பிட வர்றாரு இல்ல?"

"என்னைக் கூப்பிட வரலை. பெட்டியைக் கூப்பிட வர்றாரு."

குழவி சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா மாவை வழித்துப் போட்டாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அத்தையின் மடியில் போட்டாள். "நான் ஒண்ணும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அங்கே அவளுக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போனதும் அத்தை நகைகளைத் தரையில் பரப்பினாள். எங்கள் தாத்தா போட்ட மெல்லிய சங்கிலி, கம்மல், முத்து விழுந்துபோன ஒற்றை ஜிமிக்கி, அவள் விரலில் ஒரு நாளும் நில்லாத மோதிரம். வெள்ளியில் கொலுசும், மூடி வளைந்த குங்குமச் சிமிழும், யாரோ கல்யாணத்துக்கு மொய்யாகக் கொடுத்த டம்ளரும் இருந்தன. இரட்டைவடச் சங்கிலி ஒன்றுதான் அவற்றில் பெரியது. அதைத் தனியே எடுத்து ஒரு துண்டுத் துணியில் முடிந்து மீண்டும் பெட்டிக்குள்ளேயே வைத்தாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை விற்றால் இன்னொரு சைக்கிள் வருமே என்றேன்.

"அது உங்க மாமாவோட அம்மாதுமா. எனுது இல்ல" என்றாள்.

மற்றவை அர்ச்சனைக் கூடைக்கு அடியில் போயின. அவற்றின் மேல் பட்டுப்புடவை, அதன் மேல் வாழை இலை, அதன் மேல் தேங்காய், வெற்றிலை, பூ. வாசலைத் தாண்டியதுமே பக்கத்து வீட்டுக்கார அம்மா கூடையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலுக்கு? எனக்கும் குங்குமம் கொண்டாந்து குடுமா" என்று கேட்டுவிட்டாள். அதனால் நாங்கள் நிஜமாகவே கோயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. குருக்கள் வழக்கம்போல் முழுக் கூடையையும் வாங்கக் கையை நீட்டினார். அத்தை தேங்காயை மட்டும் எடுத்து நீட்டினாள். பூ என்றார். பூவைக் கொடுத்தாள். அவர் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமிக்கு முன்னால் இவ்வளவு இறுக்கமாகக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்தையை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

நகைக்கடைக்காரர் பெரியவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடைப் பையனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு எங்களிடம் தமிழில் திரும்பினார். கூடைக்குள்ளிருந்து நகைகள் வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இருந்த உபசாரம் போய்விட்டது.

"வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலியாமா?"

"எனுது. நான் வந்துக்கிறேன்."

"அதுக்கில்லமா. நாளைக்கு யாராவது வந்து, எப்படி வாங்கினேன்னு கேட்டா நான் என்னா பதில் சொல்றது?" அவர் என் பக்கம் குனிந்தார். "ஏன் பாப்பா, இவங்க உனக்கு என்னா ஆவணும்?"

"அத்தை."

"நகை விக்கறது வீட்டுல தெரியுமா?"

எனக்குப் பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வயிற்றுவலிப் பொய் ஒன்றே அன்றைக்குப் போதும் என்று பட்டது. "அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. சாயங்காலம் தெரிஞ்சிடும்" என்றேன்.

காரியம் கெட்டது என்று அத்தை நினைத்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின. ஆனால் குரல் மாறவில்லை. "கொழந்தை சொல்றது நெஜம். எங்க அண்ணங்கிட்ட நானே சொல்லப் போறேன். இது எங்க அப்பா எனக்குப் போட்டது. காதும் எனுது, கழுத்தும் எனுது. இதுல எந்த ஆம்பளையைக் கூட்டிக்கினு வரச் சொல்றீங்க?"

பெரியவர் கம்மலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு உரைகல்லை எடுத்தார்.

கம்மலை உரசிப் பார்த்துவிட்டு உள்ளே அரக்கு இருக்கும், எடையில் கழிக்க வேண்டும் என்றார். அரக்கை நேற்றே எடுத்துவிட்டேன் என்றாள் அத்தை. தராசுத் தட்டைத் துடைத்துவிட்டுப் போடுங்கள் என்றாள். அவர் துடைத்தார். எல்லாம் நிறுத்து முடிந்து அவர் தொகையைச் சொன்னபோது அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரர் கேட்டதற்கு அது போதாது என்பது எனக்கே தெரிந்தது. புடவையை இன்னும் விற்கவில்லை. ஆனால் அதில் எவ்வளவு வந்துவிடும்?

அத்தை கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். மஞ்சள் கயிற்றின் முடிச்சு லேசில் அவிழவில்லை. கயிற்றைத் தலை வழியாக எடுத்து, அதிலிருந்த தாலியை உருவி, தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெரியவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "அய்யய்யோ, எடும்மா அதை. புருஷன் இருக்காரா இல்லையா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு."

"அப்போ நான் தொட மாட்டேன். எனக்கும் பொண்ணுங்க இருக்குது."

"உருக்கிக் கொண்டாந்தா தொடுவீங்களா?"

அவர் பதில் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அத்தை அதை எடுத்துக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் இருந்த சந்துக்குப் போனாள். அங்கே தட்டார் ஒருவர் குமுட்டி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். தங்கத்துக்கு ஏதேதோ சட்டம் போட்டிருந்த காலம். அவருக்குக் கையில் வேலை இல்லை. ஆனாலும் தாலியைப் பார்த்ததும், வேறு ஆளைப் பாருங்கள் என்றார்.

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "ஊதுகுழலைக் குடுங்க. நான் ஊதறேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தட்டாருக்குப் புரிந்தது. குழலை அவள் கையில் கொடுக்காமல் தானே ஊத ஆரம்பித்தார். சின்ன மண் கிண்ணத்தில் தாலி முதலில் சிவந்தது. அப்புறம் அதன் ஓரங்கள் மழுங்கின. அதிலிருந்த புள்ளிகளும் கோடுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் அது ஒரு சொட்டாகி, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அத்தை கண் கொட்டாமல் பார்த்தாள். புகை வருகிறது, தள்ளி உட்காருங்கள் என்று தட்டார் சொல்லியும் அவள் தள்ளவில்லை.

ஆறவைத்துக் கொடுத்த அந்தக் குண்டுமணியை நகைக்கடைப் பெரியவரிடம் கொண்டுபோனோம். சற்று முன் நாற்காலியோடு பின்னால் போனவர், இப்போது அதை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நல்ல தங்கம் என்றார்.

பட்டுப்புடவையைப் பழைய ஜரிகை வாங்குகிறவரிடம் கொண்டுபோனோம். அவர் முந்தியிலிருந்து ஒரு இழையைப் பிரித்து நெருப்புக்குச்சியில் காட்டினார். வெள்ளி மின்னியது. மிச்சத்தையும் அவர் அப்படித்தான் எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார் என்று தெரிந்ததும் நான் அழுதேன். நான் பெரியவளானதும் அந்த மாம்பழ மஞ்சள் புடவை எனக்குத்தான் என்று யாரிடமும் கேட்காமல் முடிவு செய்து வைத்திருந்தேன். அத்தை என் கண்ணைத் துடைத்துவிட்டு, ஓட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தாள். தானும் ஒன்று சாப்பிட்டாள். அங்கிருந்து நேரே சைக்கிள் கடைக்குப் போய், ரொக்கத்தைப் பலகை மேல் வைத்தாள். பக்கத்து வீட்டுக்கார அம்மாவுக்குக் குங்குமம் கொடுக்கவும் அவள் மறக்கவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் அவளே சொன்னாள். அப்பா கத்தினார். அம்மாவைத் திட்டினார், வயிற்றுவலிக்காரியான என்னைத் திட்டினார். அத்தையின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் கத்தல் நின்றது. கடைசியில், "வெள்ளிக்கெழமை மாப்பிள்ளை வந்தா நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கினு பேசறது?" என்று மட்டும் கேட்டார்.

"நீ ஒண்ணும் பேச வேணாண்ணா. நான் பேசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். நான் நினைத்து வைத்திருந்த மாதிரி மீசையை முறுக்கிக்கொண்டு வரவில்லை. இளைத்திருந்தார். சட்டைக் கையில் செம்மண் கறை இருந்தது. எனக்கு ஒரு பொட்டலம் பொரி உருண்டை வாங்கி வந்திருந்தார். நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பா கேட்பதற்கு முன்னாலேயே, "வா, ஊட்டுக்குப் போலாம்" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

அத்தை முதலில் காபியைக் கொடுத்தாள். பிறகு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். "இது உங்க அம்மாவோட சங்கிலி. பத்திரமா இருக்குது, பார்த்துக்குங்க. மத்ததெல்லாம் எங்க அப்பா போட்டது. அதை வித்துட்டேன். நீங்க கட்டினதையும் உருக்கி வித்துட்டேன். கெணத்துக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. இப்ப சொல்லுங்க, நான் வரட்டுமா?"

அப்பா சுவரைப் பார்த்தார். விரிசல் ஏதும் இல்லாத சுவர். மாமா காபியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார். முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவில்லை. எடுத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். வரட்டுமா என்று கேட்டதற்குக் கடைசிவரை அவர் பதில் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கிணற்றில் தண்ணீர் வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம். அத்தையின் கடையில் முதல் சில நாட்கள் யாரும் சைக்கிள் எடுக்கவில்லை. பெண் பிள்ளையிடம் போய் வாடகைக்கு நிற்பதா என்று ஆண்களுக்குக் கூச்சம். பையன்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அவர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அப்பாக்கள் வந்தார்கள். பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் அத்தை ஒரு மாதத்துக்குள் கற்றுக்கொண்டாள். சைக்கிள் ஓட்ட மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. என் படிப்புக்கு அந்தக் கடைதான் கொடுத்தது. எங்கள் அப்பாவும் சில வருஷங்களில், "எங்க சைக்கிள் கடை" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதெல்லாம் தெரியாது. அப்பா மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், "மாமாவை பஸ் ஏத்திட்டு வாமா" என்று என்னை அனுப்பினார். மாமாவும் நானும் நடந்தோம். பஸ் நிற்கும் இடத்துக்கு வந்த பிறகு அவர் கேட்டார்.

"உருக்கறப்ப நீ கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"அழுதாளா?"

அத்தையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. "இல்லவே இல்ல. நான்தான் புடவைக்கு அழுதேன். அத்தை கிட்டவே உக்காந்து பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு பேரும் மசால் தோசை சாப்ட்டோம்" என்றேன்.

முசரவாக்கம் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். மாமா ஏறவில்லை. கண்டக்டர் ஏறலியா என்று அவரைக் கேட்டுவிட்டு விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது. நான் அவர் கையைத் தொட்டு, "மாமா, பஸ்ஸு" என்றேன். "நீ ஊட்டுக்குப் போமா" என்றார்.

நான் ஓடி வந்தேன். அத்தை கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "ஏறிட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. பஸ்ஸை விட்டுட்டு அங்கியே நிக்கிறாரு."

முறம் நின்றது. "அடுத்த பஸ் எப்போ?"

எனக்குத் தெரியாது என்றேன். அவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். மாமா திரும்பி வந்துவிடுவாரோ என்று அத்தை பயப்படுகிறாள். ஓடிப்போய்த் தெருக்கதவைச் சாத்தி, எட்டாத தாழ்ப்பாளை முக்காலி போட்டு ஏறிப் போட்டுவிட்டு வந்தேன். இனி பயப்பட வேண்டாம் என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"புழுக்கமா இருக்குது" என்றாள்.

எனக்கு ஒன்றும் புழுக்கமாக இல்லை. பெரியவர்களுக்குத்தான் சீக்கிரம் வேர்த்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கடையிலிருந்து கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தியிருந்த சைக்கிள்களின் மணிகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்க ஓடிப்போனேன்.